பச்சைப் பொத்தானை அமுக்கியது யார்?

பள்ளி விடுமுறை முடிந்ததும் என் கடை மேசையில் மடிக்கணினிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடும். இந்த முறை கடிதங்களும் அப்படித்தான். சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் பாதிக்கு மேல் ஆட்வேர் தொல்லை, அதாவது கணினிக்குள் நுழைந்து விளம்பரம் காட்டும் மென்பொருள். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாகப் போட்டிருக்கிறேன்.

வழக்கமாகச் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதைத் தொடுவதற்கு முன்னாலும் படங்களையும் பிள்ளைகளின் பள்ளி வேலைகளையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுக்காமல் ஆரம்பித்துவிட்டு, தைப்பூசப் படமெல்லாம் போச்சே என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

திரையின் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. ஆன்ட்டிவைரஸ் காலாவதி ஆகிவிட்டதாம். பணம் கட்டவேண்டுமா? (ஜாலோங் வாசகி)

ஒரு சென் கூடக் கட்டாதீர்கள். இலவசமாக நாடகம் பார்க்கும் தளம் ஏதோ ஒன்று, 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும். நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்ட அன்றைக்கே அனுமதி கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால் அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்கு 50 வெள்ளி வாங்கும் கடைகள் உண்டு. ஆரம்ப காலத்தில் நானும் வாங்கியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

கணினி சரியில்லை. ஏதோ வருகிறது. உடனே பதில் தேவை. (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

எனக்கும் உடனே விவரம் தேவை. என்ன வருகிறது, எந்த பிரவுசரில், எப்போது முதல், அதற்கு முந்தின நாள் எதை இன்ஸ்டால் செய்தீர்கள்? கிளினிக்கில் போய் 'உடம்பில் ஏதோ' என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துக்குக் கை நீட்டுவீர்களா?

குரோமில் எதைத் தேடினாலும் வேறு ஏதோ தேடுபொறிக்குப் போகிறது. எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு செயலி) நீக்கினேன். மறுநாள் திரும்பி வந்துவிட்டது. மூன்று தடவை நீக்கிவிட்டேன், ஐயா. (செம்பனை ஆலை கிராணி, லிந்தாங்)

நல்ல கேள்வி. முயன்று பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் புல்லைத்தான் வெட்டியிருக்கிறீர்கள், கிழங்கு உள்ளே கிடக்கிறது. அது ஒளிந்திருக்க நாலைந்து இடங்கள் உண்டு.

முதலில் விண்டோஸில் 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' பட்டியலைத் திறந்து தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை ஆரம்பித்த நாளில் என்ன ஏறியது என்று அங்கேயே தெரிந்துவிடும். சம்பந்தப்பட்டதை நீக்குங்கள். அடுத்து ஆட்வ்கிளீனர், ஆட்வேரைத் தேடித் துடைக்கும் கருவி. இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. 2016 முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் விண்டோஸ் பகுதி) ஆட்வேர் போட்டு வைத்த வேலைகள், டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஷார்ட்கட்டின் வாலில் ஒட்டவைத்த முகவரி, இவற்றையெல்லாம் பெரும்பாலும் ஆட்வ்கிளீனரே பிடித்துவிடும். அதன் பிறகு குரோமை ரீசெட் செய்யுங்கள். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது.

இவ்வளவுக்குப் பிறகும் திரும்பினால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, குரோம் மெனுவின் அடியில் 'மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று இருக்கிறதா? வீட்டுக் கணினிக்கு ஏது ஆர்கனைசேஷன்? அந்த ஆட்வேர் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடு) பாலிசி எழுதி வைத்துக்கொண்டு முதலாளி வேஷம் போடுகிறது. சில ஆன்ட்டிவைரஸ்களும் அப்படி எழுதுவது உண்டு, அதனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காமல் விவரம் தெரிந்த ஒருவரை வைத்து அந்த வரிகளை நீக்குங்கள். இரண்டாவது சந்தேகத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள்: சிங்க். இங்கே நீக்கிய எக்ஸ்டென்ஷன் உங்கள் கூகுள் கணக்கில் பத்திரமாக இருந்து திரும்ப இறங்குகிறது. சிங்கை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். அதே கணக்கு ஏறியிருக்கும் மகளின் மடிக்கணினியையும் பாருங்கள்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தேர்வுத்தாள் தட்டச்சு செய்ய 'இலவச தமிழ் டைப்பிங்' என்று தேடி ஒரு மென்பொருளைப் பதிவிறக்கினேன். தமிழ் வரவில்லை. முகப்புப் பக்கம் மாறிவிட்டது, இரண்டு டூல்பார், ஒரு 'பிசி ஆப்டிமைசர்', கூப்பன் விளம்பரம் எல்லாம் வந்துவிட்டன. நான் என்ன தப்பு செய்தேன்? (சலாக் வாசகி)

டீச்சர், மாதத்துக்கு நான்கு பேராவது இதே கதையோடு கடைக்கு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

தேடல் பக்கத்தின் உச்சியில் வந்த முதல் முடிவைத்தானே தொட்டீர்கள்? மேலே சின்ன எழுத்தில் 'ஸ்பான்சர்ட்' என்று இருந்திருக்கும். அது காசு கொடுத்து வாங்கிய இடம். உள்ளே போனதும் பெரிய பச்சைப் பொத்தான், அதில் 'டவுன்லோட்'. அந்தப் பொத்தான் ஒரு விளம்பரம். உண்மையான இணைப்பு அதன் கீழே எறும்பு அளவில் கிடந்திருக்கும். இன்ஸ்டால் ஆகும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட், அக்ரீ, நெக்ஸ்ட். நடுவில் ஒரு பக்கத்தில் ஏற்கெனவே டிக் போட்ட நான்கு கட்டங்கள். அவைதான் இன்றைக்கு உங்கள் திரையில் ஆடுகின்றன.

இதைச் செய்பவன் பைத்தியக்காரன் இல்லை. கணக்கு தெரிந்தவன். கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒட்டிவரும் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் விளம்பரக்காரர்கள் 10 அமெரிக்க சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை கொடுத்ததாகக் கண்டார்கள். நம் பாட்டன் பாட்டிமார் இருட்டோடு எழுந்து, கொசுக்கடியில் ரப்பர் பால் வெட்டி, வாளி தூக்கி, நிறுவையில் நின்று கூலி வாங்கினார்கள். இவன் உங்கள் விரலைக் கொண்டே உங்கள் மரத்தைச் சீவிக்கொள்கிறான்.

பெரிய இடங்களும் இதில் கை நனைத்தவைதான். ஒரு காலத்தில் ஜாவா ஏற்றினால் ஆஸ்க் டூல்பாரும் கூடவே தொங்கிக்கொண்டு வரும். சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் பதிவிறக்கத் தளம் என்றால் அன்றைக்கு அவ்வளவு மதிப்பு. அதுவே 2013-இல் இன்ஸ்டாலரோடு இப்படி ஒட்டிக்கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் கைமாறிய பிறகுதான் நிறுத்தினார்கள். லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேரைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பியது 2015-இல் வெளிவந்து பெரிய அவமானமாயிற்று. அந்த சூப்பர்ஃபிஷ் பாதுகாப்பான வங்கி இணைப்பின் நடுவிலேயே தலையை நீட்டும்.

எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. நீங்கள் தேடிய பொருள் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது! விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்தான் கைக்குப் பழக்கம் என்றால் அதன் சொந்தத் தளத்துக்குப் போங்கள். தமிழ்க் கணிமைக்கு 1980களிலேயே முரசு கொடுத்த நாடு நம் மலேசியா. இங்கே உட்கார்ந்துகொண்டு நம் ஆசிரியர்கள் தமிழ் எழுத்துக்காகக் கண்ட தளத்தில் மாட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சுத்தம் செய்ய, மேலே கிராணிக்குச் சொன்ன வரிசையே உங்களுக்கும். முடிந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யுடேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன் என்று போய், 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' இயங்குகிறதா என்று பாருங்கள். அங்கே இரண்டு கட்டங்கள், இரண்டிலும் டிக் இருக்கவேண்டும்.

ஒரு கிளீனர் செயலி என் கணினியில் 1,400 பிழைகள் கண்டுபிடித்திருக்கிறது. சரிசெய்ய 120 வெள்ளி கேட்கிறது. (கோல கங்சார் வாசகர்)

நேற்று வாங்கிய புதுக் கணினியில் போட்டாலும் ஆயிரத்துச் சொச்சம் காட்டும். நீக்குங்கள்.

மகன் ஒரு கேமுக்கு கிராக் (காசு கட்டாமல் ஆட உதவும் திருட்டு மென்பொருள்) இறக்கினான். விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்தச் சொல்லியதாம், நிறுத்திவிட்டான். இப்போது விளம்பரங்கள் வருகின்றன. ஆட்வ்கிளீனர் போதுமா? (ஈப்போ வாசகர்)

போதாது. காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வா என்று திருடன் சொன்னான், தம்பியும் கட்டிப்போட்டான். கண்ணுக்குத் தெரிவது விளம்பரம். பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் ஒன்று பின்னால் இருக்கலாம். கிராக்குகளில் அது சர்வசாதாரணம். இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, முகநூல் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், எல்லா இடத்திலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஒரு கால் மணி நேரம் ஓடும், அதையும் ஓட்டலாம். ஆனால் நான் என்றால் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை இறக்கி, டிஸ்க்கை முழுக்கத் துடைத்து, புதிதாகப் போடுவேன். நகல் எடுக்கும்போது படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள். அந்த கேமையும் சேர்த்து எடுக்கும் ஆள்களைப் பார்த்திருக்கிறேன்.

திரை முழுதும் சிவப்பாகி, சங்கு ஊதுவது போல் சத்தம். மூட முடியவில்லை. அப்பா அதில் இருந்த நம்பருக்கு அழைத்துப் பேசியிருக்கிறார். (லிந்தாங் வாசகி)

அது வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்பா பேசியதுதான் கவலை. அவர்கள் சொன்ன செயலியை ஏற்றினாரா? வங்கி எண், டிஏசி (வங்கி அனுப்பும் ஒருமுறை எண்) ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் இதைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் வங்கிக்கும் 997-க்கும் அழையுங்கள். மோசடிக்காக அரசாங்கம் வைத்திருக்கும் எண் அது. அப்புறம் ஒன்று, அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் மறைப்பார்.

வீட்டில் எந்தக் கைப்பேசியில் பார்த்தாலும் சூதாட்ட விளம்பரப் பக்கம் திறக்கிறது. வெளியே போனால் வருவதில்லை. (தைப்பிங் வாசகர்)

பதிலில் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரூட்டரில் யாரோ டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு வழிகாட்டும் சேவை) முகவரியை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ரூட்டரின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியால் பத்து நொடி அழுத்தி ரீசெட் செய்யுங்கள். இணையச் சேவைக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இணையமே இருக்காது. பிறகு நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றவேண்டும். வாங்கியபோது இருந்த 'அட்மின்' இன்னும் அப்படியே இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

ஸ்டார்ட் மெனுவிலேயே விளம்பரம் வருகிறதே, எந்த ஆட்வேர் அது? (ஜாலோங் வாசகர்)

அதன் பெயர் விண்டோஸ். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், ஸ்டார்ட் என்று போய்ப் பரிந்துரைகளை அணையுங்கள்.

விளம்பரத் தடுப்பான் போட்டால் இதெல்லாம் வராதா? (பலர்)

பாதி வராது. பச்சைப் பொத்தானே கண்ணில் படாமல் போவது பெரிய லாபம்தான். நான் பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் வைத்திருக்கிறேன். குரோமில் அந்தப் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டதால் அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட்தான் கிடைக்கும். பெயரைச் சரியாகப் படித்து ஏற்றுங்கள். 'யூபிளாக்' என்று மட்டும் இருப்பது வேறு ஆளுடையது.

விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். சுத்தம் செய்து கொடுப்பீர்களா, எவ்வளவு? (சுங்கை சிப்புட் வாசகர்)

கொடுப்பேன், 60 வெள்ளி. ஆனால் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிக்கு நீட்டிப்பு 2026 அக்டோபர் வரைதான், அதற்கும் பதிவு செய்யவேண்டும். 11 ஏறும் கணினியா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வரும்போது சார்ஜரையும் எடுத்து வாருங்கள், நகல் எடுத்துவிட்டு வாருங்கள். திங்கள்கிழமை கடை இல்லை.