கரும்புப் பணம் பாக்கி: "கட்டுப்பாடு இல்லை" என்பது எதற்கு?

அண்ணா, காரிமங்கலம் பக்கத்திலிருந்து அனுப்பின கரும்புக்கு ரெண்டு மாசமா பணம் வரல, கேட்டா "சர்க்கரைக்கு இப்ப அரசு கட்டுப்பாடே இல்ல"ன்னு ஆலையில சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது பாதி உண்மை. அந்தப் பாதிக்கும் உங்க பணத்துக்கும் சம்பந்தமில்ல.

2013-ல் மத்திய அரசு நீக்கின கட்டுப்பாடு ரெண்டுதான்: ரேஷனுக்கு 10 சதவீதச் சர்க்கரையை மலிவா கொடுக்கணும்ங்கிற லெவி, எப்போ எவ்வளவு விக்கலாம்ங்கிற ஒதுக்கீடு. (ஒதுக்கீடு 2018-லயே திரும்பி வந்துடுச்சு, அதை மட்டும் சொல்ல மாட்டாங்க.) கரும்பு விலையில அப்ப கை வைக்கல. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு ஒப்படைச்ச 14 நாளுக்குள்ள பணம், தாமதமானா வருஷத்துக்கு 15 சதவீத வட்டி. எழுத்துல வேற ஒப்பந்தம் இருந்தா 14 நாள் கணக்கு மாறும். அதனால ஆலையில கரும்பைப் பதிவு செஞ்சப்போ கையெழுத்துப் போட்ட தாளை முதல்ல படிங்க.

விலையும் பாருங்க. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு வச்ச விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (அதாவது கரும்பு எடையில கிடைக்கிற சர்க்கரையோட சதவீதம்) குவிண்டால் 355 ரூபாய், 9.5-க்குக் கீழ போனாலும் 329.05-க்குக் குறையக் கூடாது. நம்ம விவசாயிக்கு நிஜமா அடி விழுந்தது மத்திய விலைக்கு மேல மாநில அரசு அறிவிச்ச பரிந்துரை விலை போய், ஆலையோட விற்பனை வருவாயைப் பொறுத்துப் பங்கு தர்ற வருவாய்ப் பங்கீட்டு முறை வந்தப்போ.

எடைச் சீட்டு நகல்களோட, வட்டியும் சேர்த்துக் கேட்டு ஆலை நிர்வாகத்துக்கு மனு கொடுங்க. ஒரு நகல் கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு, இன்னொண்ணு சென்னை சர்க்கரைத்துறை ஆணையருக்கு. ஒப்புகை வாங்காம வராதீங்க.

வெல்ல ஆலைக்குத் திருப்பலாமான்னு கேட்டீங்க. கையில காசு சீக்கிரம் வரும், ஆனா ஆலைப் பதிவைக் காட்டிப் பயிர்க்கடன் வாங்கியிருந்தா முதல்ல அதை முடிச்சிடுங்க.