இருட்டினதும் ஜிபிஎஸ் தடுமாறுவதற்கும் சூரியனுக்கும் என்ன தொடர்பு?

குமரி மாவட்டத்துக் குளச்சலிலிருந்து கடலுக்குப் போகிறவர்களின் ஜிபிஎஸ், சில நாள் சூரியன் மறைந்த பிறகு தடுமாறுவதற்குச் சூரியனே காரணமாக இருக்குமா? இருக்கலாம்.

தரையிலிருந்து சுமார் 60 கி.மீ. உயரத்தில் தொடங்கி, சூரியனின் புற ஊதா, எக்ஸ் கதிர்கள் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்துவிடும் பகுதிதான் அயனமண்டலம். செயற்கைக்கோள் சிக்னல் இதைக் கடந்துதான் கீழே வரணும். சூரியப் புள்ளிகள் (சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள்) பெருகும் காலத்தில், அதாவது சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை, எலக்ட்ரான்களும் பெருகும்.

நம்ம பக்கத்துக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு குமரி மாவட்டத்துக்குப் பக்கத்தில் போகிறது, 1963-இல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே இதனால்தான். இங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடப்பதால், பகலில் மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தூக்குகிறது, அவை நீரூற்று மாதிரி வடக்கிலும் தெற்கிலும் போய் விழும்.

சூரியன் மறைந்ததும் கீழ் அடுக்கு சட்டென்று மெலிந்துவிடும், மேலடுக்கு அடர்த்தியாகவே நிற்கும். அப்புறம் என்ன, கொதிக்கிற கஞ்சியில் அடியிலிருந்து குமிழ் கிளம்புகிற மாதிரி, எலக்ட்ரான் குறைந்த பெரிய குமிழ்கள் மேலே எழும்பும். அவற்றைக் கடக்கும் சிக்னல் நட்சத்திரம் போல மினுங்கும், கருவி அதைத் தவறவிடும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் இது கூடுதல்.

சூரியனின் சீற்றம் துருவப் பகுதியை மட்டும்தான் பாதிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இந்த மினுங்கல் அதிகமாக வரும் இடங்களில் காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம்ம பகுதியும் ஒன்று.