விரல் விட்டு எண்ணட்டும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். வீட்டில் தமிழ் பேசுகிறோம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் மலையாளம். ஐந்தாம் வாய்ப்பாடு வரை தடையின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால், கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து விரல் விட்டு எண்ணுகிறாள். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். கையை மறைக்க வேண்டியதில்லை என்று இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள். விரல் விடுவதில் குறையில்லை; ஒன்றிலிருந்து தொடங்குகிறாளே, அதைத்தான் கவனிக்க வேண்டும். எட்டு என்பது அவளுக்கு வரிசையில் வரும் ஒரு சொல்லாக இருக்கிறதே தவிர, இன்னும் ஒரு தொகையாகப் பிடிபடவில்லை.

எட்டுப் புளியங்கொட்டைகளை அவளையே எண்ணச் சொல்லி, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள். வெளியே ஐந்தை வையுங்கள். மூடியிருப்பதை எண்ண முடியாது என்பதால், எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று மேலே செல்லப் பழகுவாள். சில நாட்கள் கிண்ணத்தைத் தூக்கிப் பார்ப்பாள், பார்க்கட்டும்.

அது பழகியபின், கோலப்பொடியால் வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசைக் கட்டம் போடுங்கள். எட்டுக் கொட்டைகளை வைத்தால் இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கும். ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அவற்றை நிரப்பினால் மீதி மூன்று. பத்தும் மூன்றும் பதின்மூன்று. பள்ளியில் அவள் சொல்லும் 'பதிமூன்னு' என்ற சொல்லிலும் அதே பத்தும் மூன்றும் இருப்பதால், இரண்டு மொழி கணக்கைக் குழப்பிவிடும் என்று அஞ்ச வேண்டாம். 89க்குப் பிறகு மட்டும் சற்றுத் தடுமாறக்கூடும். எண்பது வரை 'பது' என்று வந்த பெயர், இரு மொழிகளிலும் தொண்ணூறில் 'நூறு' என்று மாறிவிடுகிறது. அது மறதியல்ல.

வாய்ப்பாட்டுக்குப் பல்லாங்குழி போதும். குழிக்கு ஐந்தாக 14 குழிகளையும் அவளே நிரப்பட்டும். ஏழு குழி கொண்ட ஒரு வரிசையில் எத்தனை என்று கேட்டால், ஐந்தாம் வாய்ப்பாட்டில் ஒப்பித்த முப்பத்தைந்து அவள் கண்முன் இருக்கும்.

தவறான விடை வந்தால் உடனே திருத்தாமல், எப்படி எண்ணினாய் என்று கேளுங்கள். எட்டும் ஐந்தும் பன்னிரண்டு என்றால், பெரும்பாலும் எட்டிலேயே முதல் விரலை விட்டிருப்பாள். கிண்ணத்தை மூடி, முதல் விரலுக்கு ஒன்பது என்று மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.