வைட்டமின் ஈ ஆய்வுக்கு மகளை அனுப்பலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உயிர்வேதியியல் இளநிலை இறுதியாண்டில் படிக்கும் உங்கள் மகள், வைட்டமின் ஈ சேர்மங்கள் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் என்ன செய்கின்றன என்பதை முதுநிலையில் ஆராய விரும்புவதாகவும், இவ்வளவு குறுகிய ஒன்றைப் படித்துவிட்டு எந்த வேலைக்குப் போக முடியும் என்று வீட்டில் எல்லோரும் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாட்டிக்கு அந்த நோய் வந்த பிறகே இந்த ஆர்வம் பிறந்தது என்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தயங்காமல் படிக்க வையுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் எந்தச் சேர்மத்தை ஆராய்வது என்பதைவிட, எந்த ஆய்வகத்தில் யாரிடம் பயில்வது என்பதற்கே அவர் அதிகக் கவனம் செலுத்த வேண்டும்.

முதலில், அவர் விரும்பும் துறை எப்படிப்பட்டது என்பதை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது. வைட்டமின் ஈ என்பது ஒரே பொருள் இல்லை. ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என நான்கு டோக்கோஃபெரால்களும், அதே பெயர் வரிசையில் நான்கு டோக்கோட்ரையீனால்களும் சேர்ந்த எட்டுச் சேர்மங்களின் குடும்பம் அது. 1922-இல் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளின் கருவளத்துக்குத் தேவையான ஒரு பொருளாக இதைக் கண்டறிந்த பிறகு, பல பத்தாண்டுகள் ஆல்பா டோக்கோஃபெரால் ஒன்றுக்கே முக்கியத்துவம் தரப்பட்டது. கல்லீரலில் உள்ள ஒரு புரதம் பெரும்பாலும் ஆல்பாவையே தேர்ந்தெடுத்து இரத்தத்துக்கு அனுப்புவதும், மற்ற வடிவங்கள் விரைவாகச் சிதைக்கப்பட்டு வெளியேறுவதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் 2006-இல் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்வகைகள் சிலவற்றில் இரண்டையும் ஒப்பிட்டபோது, காமா டோக்கோஃபெரால் அந்தச் செல்களைச் சாகச் செய்தது. ஆல்பா அவ்வாறு செய்யவில்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சுங் யாங் குழுவினரும் பர்டூ பல்கலைக்கழகத்தில் சிங் ஜியாங் குழுவினரும் காமா, டெல்டா வடிவங்களைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வடிவங்கள் சிதையும்போது உண்டாகும் நீண்ட சங்கிலிச் சேர்மங்கள் சில, அழற்சியைத் தூண்டும் சைக்ளோஆக்சிஜனேஸ்-2 போன்ற நொதிகளைத் தடுப்பது இந்த ஆய்வுகளில் தெரியவந்தது. உணவிலிருந்து உறிஞ்சப்படாமல் மிஞ்சும் பகுதியும் சிதைவுப் பொருள்களில் ஒரு பகுதியும் பெருங்குடல் வழியாக வெளியேறுவதால், இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் ஒரு சேர்மம்கூட அங்கே போதிய அளவில் சேர வாய்ப்பு உண்டு. பெருங்குடலைத் தேர்ந்தெடுத்து ஆராய்வதற்கு இது வலுவான காரணம்.

நம் சமையலறையும் இதில் வருகிறது. நல்லெண்ணெயில் உள்ள டோக்கோஃபெராலில் பெரும்பகுதி காமா வடிவம்தான். எள்ளில் உள்ள செசமின், காமாவைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து அதன் அளவை உடலில் உயர்த்துகிறது. தவிட்டு எண்ணெயில் டோக்கோட்ரையீனால்கள் நிறைய உள்ளன. உள்ளூரில் கிடைக்கும் பொருளைக் கொண்டே நல்லதொரு கேள்வியைக் கேட்க முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நல்லெண்ணெய் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

செல்களில் தெரிவது மனிதரில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏறத்தாழ நாற்பதாயிரம் அமெரிக்கப் பெண்கள் பங்கேற்று 2005-இல் முடிவு வெளியான பெண்கள் நல ஆய்வில், பத்தாண்டுகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 600 அலகு ஆல்பா வடிவம் எடுத்துக்கொண்டவர்களுக்கும் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. 35,533 ஆண்கள் பங்கேற்ற செலக்ட் ஆய்வில், நாள்தோறும் 400 அலகு எடுத்துக்கொண்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக இருந்தது 2011-இல் தெரியவந்தது. இரண்டிலும் கொடுக்கப்பட்டது ஆல்பா வடிவம் என்பதையும் கவனியுங்கள். எந்த வடிவம், எவ்வளவு, எந்த நிலையில் இருப்பவருக்கு என்ற கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. அதனால்தான் இத்துறையில் ஓர் இளம் ஆய்வாளருக்கு உண்மையான வேலை காத்திருக்கிறது.

பாட்டிக்கு வைட்டமின் ஈ காப்சூல் வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக வாங்கித் தர வேண்டாம். மருந்துக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஆல்பா வடிவமே. அதிக அளவில் எடுத்தால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரத்தக்கசிவு ஏற்படும் அபாயமும் கூடும். கீமோதெரபி நடக்கும் காலத்தில் எதைச் சேர்க்கலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவர் ஒருவரே சொல்ல வேண்டும்.

புற்றுநோய்ச் செல்களைக் கையாளுவது மகளுக்கு ஆபத்தாகுமோ என்ற உங்கள் மனைவியின் அச்சத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் எச்.டி-29 என்ற செல்வகை, 1964-இல் 44 வயதுப் பெண் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது. அந்தச் செல்கள் காற்றில் பரவி ஒருவருக்குத் தொற்றுபவை அல்ல. கையுறை அணிந்து, காற்று வடிகட்டப்படும் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தே அவற்றைக் கையாளுகிறார்கள். உண்மையில் கூடுதல் கவனம் தேவைப்படுவது கரைப்பான்களிடமும் சாயங்களிடமும்தான்.

இந்த ஆய்வில் அவர் என்ன கற்றுக்கொள்வார் என்பதே வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கும். வைட்டமின் ஈ எண்ணெய்ப் பசையுள்ள பொருள். செல்கள் வளரும் நீர்மத்தில் எளிதில் கரையாது. எத்தனாலிலோ டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானிலோ கரைத்துச் சேர்க்க வேண்டும். அந்தக் கரைப்பானை மட்டும் சேர்த்த செல்களையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும். பிறகு 96 குழிகள் கொண்ட தட்டில் எம்.டி.டி. என்னும் மஞ்சள் சாயத்தை இடுவார்கள். உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதா நிறமாக மாற்றும். நிறம் மங்கினால் செல்கள் குறைந்துவிட்டன என்று பொருள். ஆனால் எதிர்-ஆக்சிகரணிகள் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை; வைட்டமின் ஈ-யும் இவ்வகைதான்) சில, செல்லே இல்லாத குழியிலும் அந்தச் சாயத்தை நேரடியாக ஊதாவாக்கிவிடக்கூடும். இதை அறிந்து, செல் இல்லாத குழிகளையும் வைத்துச் சோதித்து, வேறொரு முறையிலும் சரிபார்க்கும் மாணவருக்கும், நிறத்தைப் பார்த்துவிட்டு முடிவை எழுதிவிடும் மாணவருக்கும் உள்ள வேறுபாட்டை நேர்முகத் தேர்வில் பத்து நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செல் வளர்ப்பு, நிறப்பகுப்பியல் (கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்தறியும் முறை), ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் முறை), புள்ளியியல் ஆகியவற்றில் கைதேர்ந்தவருக்கு ஹைதராபாத், பெங்களூரு ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களிலும், மருந்து, உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும் இடம் உண்டு. மருத்துவ ஆய்வுத் தரவுகளைக் கையாளும் பணிகளும் மருத்துவ எழுத்துப் பணியும் இருக்கின்றன. முனைவர் பட்டம்வரை போக விரும்பினால், முதுநிலை இறுதியாண்டிலேயே சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அதன்வழி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் வாடகைப்படியும் வழங்கும் முறை 2023 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தத் தொகை சில நேரங்களில் மாதக்கணக்கில் தாமதமாக வருவதும் உண்டு. அதற்கென்று கொஞ்சம் சேமித்து வையுங்கள். ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும் படிப்பு இது. அவ்வளவு காலம் காத்திருக்க வீட்டின் நிலைமை இடம் தருமா என்பதை இப்போதே மகளிடம் மனம் திறந்து பேசுங்கள். முடியாது என்றால் முதுநிலையோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போவதில் எந்தக் குறைவும் இல்லை.

முதுநிலைச் சேர்க்கைக்கு ஐ.ஐ.டி. ஜாம் (JAM), கேட்-பி (GAT-B), க்யூட் (CUET) நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறை ஆகியவற்றையும் பார்க்கலாம். எண்ணெய், உணவு வேதியியல் பக்கம் மனம் சாய்ந்தால் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களான மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ.யிலோ தஞ்சாவூர் நிஃப்டெமிலோ கோடைக்காலப் பயிற்சிக்கு முயலலாம்.

ஆய்வு வழிகாட்டியைச் சந்திக்கும்போது மகள் கேட்க வேண்டியவை சில உண்டு. செல்கள் எங்கிருந்து வாங்கப்பட்டன, மைக்கோபிளாஸ்மா கிருமி இருக்கிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள், சோதிக்கும் செறிவு மனித உடலில் எட்டக்கூடிய அளவா, முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பவை அவை. இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் சேரலாம். எரிச்சலடைபவரிடம், அவருடைய கட்டுரைப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், சேர வேண்டாம். அந்தச் சந்திப்புக்கு மகளைத் தனியாகவே போகவிடுங்கள். பெற்றோர் பக்கத்தில் அமர்ந்திருந்தால், கேள்விகளைப் பிள்ளைக்கு முன்பு நாமே கேட்டுவிடுகிறோம்.