தானாக வெளுத்ததும் வெளுக்கப்பட்டதும்

இம்மாதம் வந்த கேள்விகளில் ஆறு, ‘வெளுத்தல்’ (ஆங்கிலத்தில் ‘ஒயிட்டனிங்’) என்ற ஒரே சொல்லைச் சுற்றி அமைந்திருந்தன. தனித்தனி இதழ்களில் பிரித்துப் போட்டால் சொன்னதையே திரும்பச் சொல்ல நேரும் என்பதால், அவற்றை ஓரிடத்தில் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: பற்பசை, முகப்பூச்சு, சலவைத்தூள் என எதை எடுத்தாலும் ‘ஒயிட்டனிங்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது விளம்பரக்காரர்கள் உண்டாக்கிய சொல்லா, பழைய சொல்லா?

பதில்: மிகப் பழைய சொல். வெள்ளையாதலைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்வீட்டியன்’ என்றொரு வினை இருந்தது. இன்று வழங்கும் ‘ஒயிட்டன்’ என்ற வடிவம் 1300-ஆம் ஆண்டையொட்டி எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. அதன் பகுதியாகிய ‘ஒயிட்’ ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவானது. அதையும் கடந்து பின்னே சென்றால், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘ஒளிர்தல்’ என்ற பொருளுடைய ஒரு வேரைச் சென்றடைவோம். நாம் அறிந்த ‘சுவேதம்’ என்னும் வடசொல்லும் அந்த வேரிலிருந்து கிளைத்ததுதான். கோதுமைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘வீட்’ என்ற பெயரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அரைத்த மாவின் வெண்மையைக் கொண்டு தானியத்துக்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

இதைவிட வியப்பானது, வெளுக்கச் செய்வதைக் குறிக்கும் ‘ப்ளீச்’ என்ற சொல்லின் கதை. அதுவும், கருமையைக் குறிக்கும் ‘பிளாக்’ என்ற சொல்லும் ‘ஒளிர்தல், எரிதல்’ என்ற பொருளுடைய ஒரே மூலத்திலிருந்து வந்தவை. எரியும்போது தெரியும் ஒளி ஒரு சொல்லுக்கும், எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கரி மற்றொரு சொல்லுக்கும் வழிவிட்டன. நிறப்பெயர்கள் தொடக்கத்தில் நிறத்தைக் காட்டிலும் ஒளியின் நிலையையே சுட்டின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இலத்தீன் மொழி இந்த வேறுபாட்டை இரண்டு சொற்களாகவே பிரித்து வைத்திருந்தது. மங்கிய வெண்மை ‘ஆல்பஸ்’ எனவும், சுடர்விடும் வெண்மை ‘கேண்டிடஸ்’ எனவும் வழங்கின. உரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் தம் மேலாடையில் சுண்ணப்பொடியைத் தேய்த்துப் பளிச்சென்ற வெண்மையாக்கிக்கொண்டு மக்களிடையே வலம் வந்தார்கள். வேட்பாளரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. ஆதரவு திரட்டுவதற்காக எவரும் தம் ஆடைக்கு வெண்மை சேர்க்கக் கூடாது என்று கி.மு. 432-இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். ஒளிவுமறைவற்ற பேச்சைக் குறிக்கும் ‘கேண்டிட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் அதே ‘கேண்டிடஸ்’தான் என்பதை வேட்பாளர்கள் எவரிடமும் நான் சொல்லிப் பார்த்ததில்லை.

‘ஒயிட்வாஷ்’ என்ற வினை 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதை மட்டுமே குறித்தது. குற்றத்தை மூடி மறைத்தல் என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. கடனில் மூழ்கியவர் நீதிமன்றத்தில் திவால் அறிவிப்புப் பெற்றுக் கடனிலிருந்து விடுபடுவதையும் அக்காலத்தில் அதே சொல்லால் குறித்தார்கள். ஆனால் அந்த உருவகம் அதற்கும் மிக முற்பட்டது. புறத்தே அழகாகவும் உள்ளே அசுத்தம் நிறைந்ததாகவும் இருக்கும் ‘வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள்’ என்ற உவமை மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

கேள்வி: தமிழில் ‘வெளுத்தல்’ என்பது அதற்கு நிகரான சொல்தானா? அகராதியில் அதற்கு விடிதல், பயத்தால் நிறம் மாறுதல், துணி துவைத்தல், அடித்தல் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களைக் கண்டு குழம்பினேன்.

பதில்: ஒட்டாதவைபோலத் தோன்றினாலும், அவை ஒரு கொடியில் பூத்தவை. ‘வெள்’ என்பது அடி. வெள்ளை, வெண்மை, வெள்ளி, வெளிச்சம், வெளிறு ஆகியவை அதனின்றும் கிளைத்தன. கன்னடத்தில் ‘பெளகு’ என்றாலும் தெலுங்கில் ‘வெலுகு’ என்றாலும் ஒளி. மலையாளத்தில் ‘வெளுக்குக’ என்றால் வெள்ளையாதல். அதாவது, திராவிட மொழிகளிலும் வெண்மையும் ஒளியும் ஒரே அடியைப் பகிர்ந்துகொள்கின்றன. தொடர்பற்ற இரண்டு மொழிக்குடும்பங்கள் தனித்தனியே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. ‘கிழக்கு வெளுத்தது’ என்று விடியலைச் சொல்லும்போது, இந்த வினையின் பழைய பொருளைத்தான் நாம் இன்றும் எடுத்தாளுகிறோம். (இந்தப் பட்டியலில் ‘வெந்நீரை’ச் சேர்த்துவிடாதீர்கள், அது வெம்மையின் பிள்ளை.)

உங்கள் குழப்பத்துக்கு உண்மையான காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ‘கிளை உடைந்தது’, ‘கிளையை உடைத்தான்’ என்பவற்றில், தானே நிகழ்வதையும் ஒருவர் செய்வதையும் தமிழ் வினைவடிவத்திலேயே வேறுபடுத்திவிடுகிறது. ‘வெளு’ அப்படிப் பிரியாத வினை. ‘துணி வெளுத்தது’ என்றாலும் ‘துணியை வெளுத்தது’ என்றாலும் வடிவம் ஒன்றே. இரண்டாம் வேற்றுமை உருபு ஒன்றுதான் வேற்றுமையைக் காட்டுகிறது. ஆங்கிலத்து ‘ஒயிட்டன்’ என்பதற்கும் இதே இயல்பு உண்டு. வானம், முடி, முகம், சாயம் ஆகியவை தாமே வெளுக்கின்றன; துணியையும் சுவரையும் பல்லையும் ஒருவர் வெளுக்கச் செய்கிறார். முன்னதில் வெறும் மாற்றம் மட்டுமே உண்டு. பின்னதிலோ, ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்று அழுக்கு அல்லது குறை என்ற தீர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. இந்தச் சொல்லின் வரலாற்றில் எழுந்த பெரும்பாலான சிக்கல்கள் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தவையே.

வெண்மை என்றால் தூய்மை என்று மட்டுமே தமிழ் எண்ணியதாகவும் கொள்ள வேண்டாம். மரத்தின் நடுவே இருக்கும் வைரம் கறுத்தும் உறுதியாகவும் இருக்கும். அதைச் சூழ்ந்த இளம்பகுதி வெளுத்தும் மெலிந்தும் இருக்கும். அந்த உறுதியற்ற பகுதிக்கு ‘வெளிறு’ என்று பெயர். அதிலிருந்து ‘வெளிறு’ என்பது அறியாமைக்கும் ஆகிவந்தது. அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றவரிடத்தும் ஆராய்ந்து பார்த்தால் ‘இன்மை அரிதே வெளிறு’ என்கிறது 503-ஆம் குறள். 844-ஆம் குறள் இன்னும் நேரடியானது: ‘வெண்மை எனப்படுவது யாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு.’ அங்கே வெண்மைக்கு அறிவின்மை என்பதே பொருள். தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொள்ளும் செருக்கே அந்த வெண்மை என்பது வள்ளுவர் தரும் விளக்கம்.

என் நெஞ்சுக்கு நெருக்கமானது 714-ஆம் குறள். அறிவுடையார் முன்னே அறிவொளி உடையவராக இருக்க வேண்டும். அறிவில்லாதவர் முன்னே ‘வான்சுதை வண்ணம்’ கொள்ள வேண்டும் என்கிறது அது. வான்சுதை என்பது வெண்மையான சுண்ணச்சாந்து. பேதையர் அவையில் அறிஞன் தன் அறிவின்மீது தானே வெள்ளையடித்துக்கொண்டு, அவர்களைப் போலவே வெறுமையாகத் தோன்ற வேண்டும் என்பது கருத்து. ஆங்கிலத்தில் வெள்ளையடிப்பு குற்றத்தை மறைக்கிறது. குறளில் அது அறிவை மறைக்கிறது.

கேள்வி: ‘வெளுத்து வாங்கினான்’ என்பது அடித்ததற்கும் சொல்லப்படுகிறது, பாராட்டுக்கும் சொல்லப்படுகிறது. எப்படி?

பதில்: துணியை வெளுக்கும் தொழிலில் கல்லில் ஓங்கி அடிப்பது ஒரு பகுதி, அந்த அடியே ஆளின் முதுகுக்கு மாறியது என்று கொள்வது பொருத்தமாக இருக்கிறது. ‘அடித்துத் துவைத்துவிட்டான்’ என்ற வழக்கும் அதே கல்லிலிருந்து வந்ததால், இந்த விளக்கத்துக்குத் துணை நிற்கிறது. சற்றும் மிச்சம் வைக்காமல் முழு வேகத்தோடு செய்தல் என்ற சாயல் அதில் இருப்பதால், மழையும் வெளுத்து வாங்குகிறது, மேடையில் நன்றாகப் பேசியவரும் வெளுத்துக் கட்டுகிறார்.

‘சாயம் வெளுத்துப்போயிற்று’ என்பது வேறு வகை. அது தானே நிகழும் வெளுத்தல். பூசிக்கொண்ட போலி நிறம் கரைந்து உண்மை வெளிப்படுவதைச் சொல்கிறது. ஆகவே தமிழில் வெள்ளையடித்தால் உண்மை மறையும், சாயம் வெளுத்தால் உண்மை தெரியும். ‘வெளுத்ததெல்லாம் பால்’ என்று நம்புகிறவரை இரண்டுமே ஏமாற்றும்.

கேள்வி: முகப்பூச்சு நிறுவனங்கள் சில, ‘ஒயிட்டனிங்’ என்ற சொல்லைக் கைவிட்டதாகப் படித்தேன். ஒரு சொல்லை நீக்கினால் போதுமா? இந்தச் சொல் தோலுக்கு எப்போது வந்தது?

பதில்: 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தன் தோல்பூச்சுகளின் விவரிப்பிலிருந்து வெண்மை, சிவப்பழகு, வெளிர்நிறம் ஆகியவற்றைச் சுட்டும் சொற்களை நீக்கப்போவதாக லோரியல் என்ற அழகுப்பொருள் நிறுவனம் அறிவித்தது. 1975-இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ அதே 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. வெண்மையின் இடத்தில் ஒளிர்வு வந்து அமர்ந்தது. முதல் கேள்விக்கான விடையைப் படித்தவர்கள் இங்கே சிரிக்கக்கூடும்: வெள்ளையைக் குறிக்கும் சொற்களின் வேரே ஒளிர்தல்தான். சொல் தன் பிறந்தகத்துக்குத் திரும்பியிருக்கிறதே தவிர, வேறு ஊருக்குக் குடிபெயரவில்லை. ஆயினும் அந்த மாற்றம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். புட்டியின்மேல் அச்சிட்ட சொல், வாங்குபவரின் தோலை அழுக்கின் வரிசையில் சேர்த்துவிடுகிறது. அந்த வரிசையிலிருந்து தோலின் பெயரை அடிப்பது செய்யத்தக்க செயலே.

தோலை ‘வெளுப்பது’ இந்தப் பூச்சுகளுக்கு முன்பே அரசுகளின் வேலையாக இருந்திருக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1795-இல் ஸ்பானிய முடியரசு, தன் அமெரிக்கக் குடியேற்றங்களில் இருந்தவர்களுக்கு வழங்கும் சலுகைகளுக்கான கட்டணப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஆப்பிரிக்கக் கலப்பு வழிவந்தவர் என்ற சட்டத் தகுதிக் குறையைக் கட்டணம் செலுத்தி நீக்கிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. இதனை எதிர்த்து, இன்றைய வெனிசுவேலாவில் உள்ள கராகஸ் நகர மன்றத்துப் பெருங்குடியினர் முறையிட்டார்கள். அங்கே வெளுக்கப்பட்டது தோலன்று, காகிதம்.

பிரேசிலில் அது ஒரு கொள்கையாகவே வளர்ந்தது. ‘பிராங்கியமென்டோ’ என்ற போர்த்துகீசியச் சொல்லுக்கு நேர்ப்பொருள் வெண்மையாக்கம். ஐரோப்பியக் குடியேற்றத்தாலும் கலப்பு மணத்தாலும் தலைமுறைக்குத் தலைமுறை மக்கள் வெளுத்துவருவார்கள் என்பது அதன் வாதம். ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியக இயக்குநர் ஜுவாவ் பட்டிஸ்டா டி லசெர்டா, 1911-இல் இலண்டனில் நடந்த அனைத்துலக இனங்கள் மாநாட்டில் இதை அறிவியல்போல எடுத்துரைத்தார். ஓவியர் மொடெஸ்டோ புரோகோஸ் 1895-இல் வரைந்த ஓவியம் ஒன்றை லசெர்டா தம் கட்டுரையோடு இணைத்துக்கொண்டார்: கறுத்த பாட்டி, நிறம் குறைந்த மகள், அவள் மடியில் வெள்ளைப் பேரக்குழந்தை; பாட்டி கைகளை உயர்த்தி வானத்துக்கு நன்றி சொல்கிறாள். ‘வெளு’ என்ற வினைக்கு மனிதர்களைச் செயப்படுபொருளாக்கினால் என்ன நேரும் என்பதை அந்த ஒரு படம் காட்டிவிடுகிறது. ஒருவரை வெளுக்க வேண்டுமென்றால், அவருடைய பாட்டியைக் கறை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, சங்கப் பாடல்களின் தலைவி தன் ‘மாமைக் கவின்’ அழிகிறதே என்று வருந்துகிறாள். மாமை என்பது மாந்தளிரின் நிறம் என்றும் கருமை சார்ந்த நிறம் என்றும் உரை சொல்வார்கள். பிரிவால் அந்த நிறம் மங்கிப் பசலை என்னும் வெளிறல் படர்வதை அவள் நோயாகக் கருதினாள்.

கேள்வி: நான் புள்ளியியல் மாணவி. தரவுகளை ‘ஒயிட்டனிங்’ செய்வதாகப் பாடநூலில் வருகிறது. எண்களுக்கு ஏது நிறம்?

பதில்: நிறம் இல்லை, உவமையின் உவமை இருக்கிறது. வெள்ளொளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. அதைப் பார்த்து, எல்லா அதிர்வெண்களிலும் சம ஆற்றல் கொண்ட இரைச்சலுக்கு ‘வெள்ளிரைச்சல்’ என்று பெயரிட்டார்கள். பிறகு, ஒன்றோடொன்று ஒட்டுறவு கொண்ட மாறிகளை உருமாற்றி, ஒட்டுறவு நீங்கியவையாகவும் ஒவ்வொன்றின் விலக்க வர்க்கச் சராசரியும் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) 1 ஆகவும் ஆக்கினால், அவை வெள்ளிரைச்சலை ஒத்திருப்பதால், அந்தச் செயலுக்கும் வெண்மையாக்கம் என்று பெயராயிற்று. புளூடூத்திலும் இதே சொல் உண்டு: 0 அல்லது 1 நீளமாகத் தொடர்ந்து வராதபடி, அனுப்புவதற்கு முன் தரவைக் குழப்பிப் பெறுமிடத்தில் பழையபடி ஆக்குகிறார்கள். இங்கே நீங்குவது அழுக்கன்று, ஒழுங்கு. ஆகையால் தமிழில் ‘வெளுத்தல்’ என்று எழுதாமல், புள்ளியியலில் ‘ஒட்டுறவு நீக்கம்’ என்று பொருளை எழுதுவதே மாணவர்களுக்கு உதவும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பவளப்பாறைகள் ‘வெளுக்கின்றன’ என்று எழுதுவதா, ‘வெளிறுகின்றன’ என்று எழுதுவதா?

பதில்: செய்திகளில் இரண்டும் வருகின்றன, நான் ‘வெளிறுதல்’ என்பதையே தேர்வேன். பவளத்தின் நிறமும் அதன் உணவில் பெரும்பங்கும் அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளிடமிருந்து வருகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. ஒளி ஊடுருவும் திசுவின் வழியே சுண்ணாம்பாலான எலும்புக்கூடு தெரிகிறது. 1998, 2010, 2014 முதல் 2017 வரை என மூன்று முறை உலகளவில் நிகழ்ந்த இது, நான்காம் முறையாக நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. வெளிறிய பவளம் அந்நேரத்தில் இறந்திருப்பதில்லை; நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பி வரும், பவளமும் பிழைக்கும். ‘வெளுத்தல்’ என்றால் வேலை முடிந்துவிட்டதாக ஓசை வருகிறது. அச்சத்தால் வெளிறிய முகம்போல, ‘வெளிறுதல்’ என்பதில் உயிர் இன்னும் இருக்கிறது.