ரோபோ ஆபரேஷனில் மெஷினே அறுக்குமா?

'அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ரோபோ மூலம் எடுக்கலாம் என்கிறார்கள். மெஷினே அறுக்குமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், ரோபோ தானாக ஒரு தையல்கூடப் போடாது.

பரவலாகப் புழங்கும் டா வின்சி கருவியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்றது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்பவைத்து, கேமராவையும் கருவிகளையும் உள்ளே விடுவார்கள். சர்ஜன் அதே அறையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரல்களை அசைப்பார். உள்ளே கருவியின் நுனி மணிக்கட்டு போல வளைந்து திரும்பும். கை நடுக்கம் அங்கே போய்ச் சேராது. புராஸ்டேட்டை எடுத்த பிறகு, இடுப்பெலும்புக் குழிக்குள் சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் இணைத்துத் தைக்க வேண்டும். இதன் அருமை அந்த இடத்தில்தான் தெரியும்.

சரி, பலன்? ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். ஆனால் 2016-ல் வெளியான, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த ஆய்வில், 12 வாரம் கழித்துப் பார்த்தபோது சிறுநீரை அடக்கும் திறனிலும் தாம்பத்தியத் திறனிலும் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்கும் ரோபோ அறுவைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் 2018-ல் வந்த முடிவு இன்னும் கடுமையானது: சிறுதுளை முறையில் (ரோபோவும் இதில் சேர்த்தி) எடுத்தவர்களைவிடத் திறந்து எடுத்தவர்களே அதிகம் பிழைத்தார்கள்.

அதனால், இதே ஆபரேஷனை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். நடுவில் திறக்க வேண்டி வந்தால் என்ன ஏற்பாடு, மொத்தச் செலவு எவ்வளவு என்பதையும் முன்னாடியே பேசிவிடுங்கள்.