அப்பாவின் கப்பல் பயணம் கெட்டுப்போனது, யாரிடம் கேட்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது நிறைந்ததையொட்டித் திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்தோம். அவர் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். சிறுவயதில் ரஜூலா கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்பதைக் கரையிலிருந்து பார்த்து, ஒரு முறையாவது கப்பலில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அதனால் அண்ணன் குடும்பமும் எங்கள் குடும்பமும் பெற்றோருமாக 8 பேர், சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வரும் 5 நாள் உல்லாசக் கப்பலுக்கு 2,60,000 ரூபாய் கட்டினோம். கும்பகோணத்தில் ஏறிய இரவு ரயில் விழுப்புரத்தில் 4 மணி நேரம் நின்றுவிட்டது. காலை 11 மணிக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டுமே என்று பயந்து, இறங்கி இரண்டு கார் பிடித்து 11,000 ரூபாய் கொடுத்துப் போய்ச் சேர்ந்தால், கப்பல் இரவுதான் புறப்படும் என்றார்கள். அந்தத் தகவலை முந்தைய நாள் மாலையே எங்கள் ஏஜென்டின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டார்களாம். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அப்பாவுக்கு முன்பதிவிலேயே கேட்டிருந்த சக்கர நாற்காலி கிடைக்கவில்லை. அடுத்தடுத்த அறைகள் என்று சொல்லிவிட்டுப் பெற்றோரை இரண்டு தளம் கீழே போட்டார்கள். முதல் இரவு முழுவதும் அந்த அறையில் ஏசி ஓடவில்லை. வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு என்று எழுதிக் கொடுத்திருந்தும், அம்மா தயிர் சாதத்திலேயே நாட்களை ஓட்டினார். திருகோணமலையில் இறங்க வேண்டிய நாளில், ‘நடைமுறைக் காரணங்களால்’ அங்கே போகவில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். கோணேசருக்குச் சாத்த அப்பா மஞ்சள் பையில் வைத்திருந்த பட்டு வேட்டி பிரிக்காமலேயே வீடு திரும்பியது. இப்போது ஏஜென்ட், கப்பல் நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறார். நிறுவனம் ஏஜென்டைக் கேட்கச் சொல்கிறது. அடுத்த பயணத்தில் 20 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றும் எழுதியிருக்கிறது. ஏஜென்ட் எங்கள் தெருக்காரர், அண்ணனோடு படித்தவர். அண்ணன் வழக்குப் போடலாம் என்கிறார். என் கணவர் விட்டுவிடச் சொல்கிறார். அப்பாவோ, ‘என்னால்தான் எல்லாருக்கும் அலைச்சல்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?
— கும்பகோணம் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தப் பிரிக்கப்படாத பட்டு வேட்டிதான். சீர்காழிப் பிள்ளை ஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் தலத்தைத் தன் 70ஆம் வயதில் கண்ணால் பார்த்துவிடலாம் என்று புறப்பட்ட மனிதர், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். இதை விட்டுவிட வேண்டாம். ஆனால் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்பதில் நீங்கள் மிகத் தெளிவாக இருக்க வேண்டும்.

கப்பல் தாமதமாகப் புறப்பட்டதையும், ஒரு துறைமுகத்துக்குப் போகாமல் விட்டதையும் மட்டும் வைத்துக்கொண்டு எவரையும் குற்றம் சொல்லிவிட முடியாது. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலைப் பார்த்தவர்கள் நாம். கடலைப் பார்த்துப் பயந்து பாதையை மாற்றும் கப்பல் தலைவரோடு நமக்குச் சண்டை இல்லை, அந்த அதிகாரம் அவருக்கு இருந்தே தீர வேண்டும். ஆனால் ‘நடைமுறைக் காரணம்’ என்பது காரணமே ஆகாது. காற்றும் அலையும் தடுத்தனவா, துறைமுகத்தில் இடம் கிடைக்கவில்லையா, அல்லது சென்னையில் தாமதமாகப் புறப்பட்ட நேரத்தை ஈடுகட்டுவதற்காகத் திருகோணமலையைக் கைவிட்டார்களா? வானிலை தடுத்திருந்தால் அது அவர்கள் கையில் இல்லாதது. தங்கள் கப்பலின் பழுதாலோ ஏற்பாட்டுக் குறையாலோ நேர்ந்த தாமதத்துக்காக, நீங்கள் பணம் கட்டிய ஒரு நாளை வெட்டியிருந்தால் அது சேவைக் குறைபாடு. ஆகவே முதலில் அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இறங்காத துறைமுகத்துக்கென்று உங்களிடம் கட்டணம் வாங்கியிருந்தால், அதைத் திருப்பித் தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியவர் தாமதித்தவரே என்பதை உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஜம்முவுக்குச் சென்ற ரயில் 4 மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பம், வாடகைக் காரில் போக நேர்ந்தது. தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்பதை ரயில்வே விளக்கி நிரூபித்திருக்க வேண்டும், அப்படிச் செய்யவில்லை என்பதால் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. வழக்கு ரயிலைப் பற்றியதுதான். ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு பயணம் ஏற்றும் எவரிடமும் இதே கேள்வியை நீங்கள் கேட்கலாம் என்பது என் கருத்து. உங்கள் ரயில் விழுப்புரத்தில் நின்ற கதையை மட்டும் இந்தப் புகாரோடு முடிச்சுப் போடாதீர்கள். ரயிலால் நீங்கள் கப்பலைத் தவறவிடவில்லை.

கார் வாடகை 11,000 ரூபாய் வேறு விஷயம். கப்பல் இரவுதான் புறப்படும் என்பது முந்தைய நாள் மாலையே தெரிந்திருந்தால், நீங்கள் விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கியிருக்கவே மாட்டீர்கள். 8 பேரின் பெயரும் கைப்பேசி எண்ணும் பதிவில் இருக்கும்போது, ஒரு குறுஞ்செய்தி அனுப்ப நிறுவனத்துக்கு என்ன தடை? வந்த மின்னஞ்சலைப் பார்த்து உங்களுக்கு ஒரு போன் செய்ய ஏஜென்டுக்கு என்ன தடை? உங்கள் புகாரின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த மின்னஞ்சலின் நகலை, அது வந்த தேதியும் நேரமும் தெரியும்படி, ஏஜென்டிடம் இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சக்கர நாற்காலி. அறையையும் சாப்பாட்டையும் விட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். முழங்காலில் கத்தி வைத்த ஒருவரை, முன்கூட்டியே கேட்டும் ஏற்பாடு செய்யாமல், காலையிலிருந்து இரவு வரை துறைமுகக் கூடத்தில் உட்கார வைத்ததை எந்த விதிமுறையாலும் நியாயப்படுத்த முடியாது. முன்பதிவுப் படிவத்தில் அந்தக் கோரிக்கை பதிவான பக்கத்தையும் அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவமனைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். அம்மாவின் சாப்பாட்டுக் கோரிக்கை எழுத்தில் இருப்பதால் அதுவும் நிற்கும். அடுத்தடுத்த அறை என்பது வாய்வார்த்தையாக மட்டும் இருந்தால் வலுக் குறைவு. வாட்ஸப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும், அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஒரு இரவு ஏசி ஓடாததைக் குறிப்பிடுங்கள், ஆனால் அதற்குப் பெரிய தொகை கேட்காதீர்கள். கோபத்தில் 10 லட்சம், 20 லட்சம் என்று எழுதிவிட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

தள்ளுபடிக் கூப்பனை ஏற்க வேண்டாம். அதை ஏற்றால் ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று பொருளாகும்படி ஒரு வரி அதன் நிபந்தனைகளில் இருக்கக்கூடும். மேலும், மறுபடி அவர்களிடமே பணம் கட்டினால்தான் கிடைக்கும் ஒன்றை இழப்பீடு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி வழிமுறை. நிறுவனத்துக்கும் ஏஜென்டுக்கும் ஒரே கடிதத்தை விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, பதில் சொல்ல 15 நாள் அவகாசம் கொடுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் தாமதத்துக்கும் அதில் தொகை உண்டா என்று பாலிசியைப் பாருங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வழக்கு என்றால் நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டுமோ என்று உங்கள் கணவர் தயங்குகிறார் போலும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆகவே டிக்கெட்டின் பின்னால் வேறு ஊர் நீதிமன்றத்தின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்தின் வழியாகவும் பதியலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தெருக்காரரான ஏஜென்டைச் சேர்ப்பதா என்பதில்தான் உங்கள் வீடு இரண்டுபட்டிருக்கிறது. சேர்த்தே ஆக வேண்டும். பணம் வாங்கியவர் அவர், தகவல் போய்ச் சேர்ந்ததும் அவரிடம். அவரை விட்டுவிட்டால் ‘நாங்கள் ஏஜென்டிடம் சொல்லிவிட்டோம்’ என்று நிறுவனம் எளிதாகக் கை கழுவிவிடும். ஆனால் கடிதம் தபாலில் போய்ச் சேருவதற்கு முன், உங்கள் அண்ணன் அவர் வீட்டுக்கு நேரில் போய், ‘உன் மேல் எனக்குப் பகை இல்லை, உன் பெயரும் இதில் வருகிறது, அந்த மின்னஞ்சலை நீயே எடுத்துக் கொடு’ என்று சொல்லட்டும். நாளை கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தியிலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள் நீங்கள். ஆணையத்துக்குப் போன பிறகும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் சமரசத்தில் முடித்துக்கொள்ள இதே சட்டத்தில் இடம் உண்டு.

கடைசியாக உங்கள் அப்பா. அவரிடம் ‘உங்களால் இல்லைப்பா’ என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை, ஏனென்றால் வீட்டில் எல்லாரும் இந்தப் பேச்சை அவர் காதில் படாமல்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள். அதை மாற்றுங்கள். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு நோட்டில் அந்த 5 நாட்களையும் நேர வாரியாக அவரையே எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குத் துறைமுகம் சேர்ந்தோம், சக்கர நாற்காலியை எத்தனை முறை கேட்டோம், யார் என்ன பதில் சொன்னார்கள், ஒலிபெருக்கியில் வந்த வார்த்தைகள் என்ன என்று. புகாருக்கு அதுவே முதல் ஆவணம். எழுதி முடித்ததும், நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பலைப் பற்றிப் பேச்சை எடுங்கள். அந்தச் சேவை இடையில் நின்று மீண்டும் தொடங்கியது, மழைக்காலத்தில் நிறுத்துவதும் உண்டு. அதனால் போகும் மாதத்தை விசாரித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குச் சாலை வழியாகவே போய்விடலாம். சிறுவனாக அவர் நின்று பார்த்த அதே கரையிலிருந்து கப்பல் ஏறுவதாக இருக்கும். அந்தப் பட்டு வேட்டியைப் பீரோவில் அடியில் வைத்துவிடாமல், மஞ்சள் பையோடு அப்படியே மேலேயே வைத்திருங்கள். நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தில் முதல் கையெழுத்தை அவரே போடட்டும்.